வார இறுதிச் சிப்பாயின் 26 நாள்: அஸ்கார் வத்தானியா பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

தீபாவளி முடிந்த வாரம் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வயது 22. எஸ்.பி.எம். முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். “மாமா, வத்தானியாவுல சேரலாம்னு இருக்கேன். அம்மா வேணாங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை சமையலறையிலிருந்தே பதில் சொல்லிவிட்டாள். “சனி, ஞாயிறு ஓ.டி. போனாலாவது நாலு காசு வரும்ணே. அங்க போயி இவன் என்னா கத்துக்கப் போறான்? புல்லு வெட்ட விடுவாங்க, மார்ச்சிங் பண்ண விடுவாங்க. அவ்வளவுதான்.”

தங்கை கோபத்தில் கேட்டாலும் அது சரியான கேள்வி. வேலைக்கும் போய்க்கொண்டு, கிடைக்கும் நேரத்தில் சீருடை அணியும் ஒருவனுக்கு இராணுவம் உண்மையில் எதைக் கற்றுக்கொடுக்க முடியும்? அந்தப் பயிற்சி அவனுக்கும் நாட்டுக்கும் உதவும்படி இருக்க வேண்டுமானால் என்ன மாற வேண்டும்? நம் பிள்ளைகள் இராணுவத்தில் சேர்வதில்லை என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

இரண்டாம் வரிசைப் படை

அஸ்கார் வத்தானியா என்பது மலேசியத் தரைப்படையின் சேமப் படை. சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1958 ஜூன் 1-ஆம் தேதி, அதற்கெனப் போடப்பட்ட சட்டத்தின் கீழ் இது தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே வெள்ளைக்காரர் காலத்தில் மலாய் மாநிலங்களிலும் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரிலும் தொண்டர் படைகள் இருந்தன. 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசிய மோதல் காலத்தில் இந்தப் படையினர் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். இன்று ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கு முகாம் உண்டு. ஆண்களும் பெண்களும் சேரலாம்.

இதில் பல வகையினர் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் பகுதிநேரத்தினர். வேலை, வியாபாரம், படிப்பு என்று இருந்துகொண்டு வார இறுதிகளிலும் வருடாந்திர முகாமிலும் பயிற்சி பெறுகிறவர்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயிற்சி செய்த மணி நேரத்தைக் கணக்கிட்டு அலவன்ஸ் கிடைக்கும். அடுத்து, மலாயில் கெரஹான் என்று சொல்லும் முழுநேர அழைப்பில் இருப்பவர்கள். இவர்களுடன் நிரந்தரப் படையிலிருந்து வந்து முகாமை நடத்தும் அதிகாரிகளும் பயிற்றுநர்களும் உண்டு. பல்கலைக்கழகங்களில் உள்ள பலாப்பெஸ் பிரிவில் மூன்றாண்டு பயிற்சி முடிக்கும் மாணவர்கள் இளைய லெப்டினன்ட்டாக இந்தச் சேமப் படைக்குத்தான் வருகிறார்கள்.

இலண்டனில் உள்ள ஐ.ஐ.எஸ்.எஸ். ஆய்வகத்தின் கணக்குப்படி மலேசியாவின் முப்படைகளில் ஏறக்குறைய 113,000 பேர் பணியில் இருக்கிறார்கள். சேமப் படையில் ஏறக்குறைய 51,600 பேர், அவர்களில் பெரும்பகுதியினர் தரைப்படையைச் சேர்ந்தவர்கள். ஆனால் ஏட்டில் இருக்கும் எண்ணிக்கை வேறு, சனிக்கிழமை காலை முகாமுக்கு வந்து நிற்கும் எண்ணிக்கை வேறு. வந்தவர்களில் சொன்ன வேலையைச் செய்து முடிக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை மூன்றாவது. படையின் பலத்தைச் சொல்வது இந்த மூன்றாவது எண்தான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

முதல் காரணம், தேசிய சேவைப் பயிற்சி திரும்ப வந்திருக்கிறது. 2004-இல் மூன்று மாதப் பயிற்சியாகத் தொடங்கி, 2018-இல் கைவிடப்பட்ட திட்டம், 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாகச் சோதனை முறையில் மறுபடியும் தொடங்கியது. முன்பு தனியார் முகாம்களில் நடந்தது. இப்போது பயிற்சிக்கு அஸ்கார் வத்தானியா முகாம்கள் பயன்படுகின்றன. பாடத்தில் பெரும்பகுதி அடிப்படை இராணுவப் பயிற்சி. அப்படியென்றால் அந்த முகாம்களின் பயிற்றுநர்கள், துப்பாக்கிச் சுடும் தளம், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் வேலை கூடுகிறது. வெளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நேரத்தில், சொந்தப் படைவீரர்களின் பயிற்சி பின்னுக்குப் போய்விடக் கூடாது.

இரண்டாவது காரணம் வெள்ளம். 2014 டிசம்பரில் கிளந்தானையும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவையும் நாம் மறக்கவில்லை. தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்ற குடும்பங்களில் நம்மவர்களும் நிறைய. அந்த நேரத்தில் முதலில் தேவைப்படுவது படகு ஓட்டத் தெரிந்தவன், கயிறு கட்டத் தெரிந்தவன், முதலுதவி தெரிந்தவன், உள்ளூர்ச் சந்து பொந்து தெரிந்தவன். தலைநகரிலிருந்து படை வந்து சேர்வதற்குள் அந்தந்த ஊரிலேயே இப்படி ஒரு பிரிவு தயாராக இருந்தால் அதன் பயன் என்னவென்று வெள்ளத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது காரணம் உலக நிலவரம். உக்ரேனில் பிரதேசத் தற்காப்புப் படைக்கான புதிய சட்டம் 2022 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 24-ஆம் தேதி போர் வந்துவிட்டது. பல ஊர்களில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருக்கும்போதே துப்பாக்கி கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. துணிச்சல் இருந்தது, பயிற்சிக்குக் காலம் இல்லை. நமக்கு அப்படி ஒரு போர் வரும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சேமப் படை என்பது தேவை வந்த பிறகு உருவாக்கக்கூடியது அல்ல என்பதை அது காட்டியது.

26 நாள் கணக்கு

ஒரு சாதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பகுதிநேரச் சிப்பாய் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு வார முகாமுக்கும், மாதத்துக்கு ஒரு நாள் உள்ளூர்ப் பயிற்சிக்கும் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 26 நாள். போர்ட்டிக்சனில் உள்ள பூசாஸ்டா பயிற்சி மையத்தில் நிரந்தரப் படைக்குச் சேரும் புதியவர் ஆறு மாதம் அடிப்படைப் பயிற்சி பெறுகிறார். அந்த ஆறு மாதத்தை 26 நாள், 26 நாளாகச் சேர்க்க ஏழு ஆண்டு ஆகும்.

அந்த 26 நாளும் முழுதாகப் பயிற்சிக்குக் கிடைப்பதில்லை. பெயர் பதிவு, துப்பாக்கி எடுத்தல், திரும்பக் கொடுத்தல், பாரம் நிரப்புதல், அணிவகுப்பு, வி.ஐ.பி. வருகைக்கு முகாமைத் துப்புரவு செய்தல் என்று மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் மிச்சம் 17 நாள். அதிலும் போன ஆண்டு கற்றதை மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினால், புதிதாகக் கற்றது ஒன்றும் இருக்காது. தங்கை சொன்ன புல்லு வெட்டும் கதை இங்கேதான் உண்மையாகிறது.

ஆகவே “நாட்களைக் கூட்டுங்கள்” என்பது உடனே தோன்றும் யோசனை. அது நல்ல யோசனையாகத் தெரியும். ஆனால் வேலைக்குப் போகிறவனால் அதிக நாள் வர முடியாது. நாட்களைக் கூட்டினால் வருகிறவர்கள் குறைவார்கள். முதலில் இருக்கும் 26 நாளை வீணாக்காமல் பயன்படுத்துவதுதான் வழி. இதை மற்றவர்கள் பட்டுக் கற்றிருக்கிறார்கள்.

ஜார்ஜியா படைக்கு நடந்தது

அமெரிக்காவின் தேசியக் காவற்படை வீரர் ஆண்டுக்கு 39 நாள் பயிற்சி பெறுகிறார். மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம் என்பது அங்கே வழக்கம். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, போர் வந்தால் நிரந்தரப் படையோடு சேர்ந்து போக வேண்டும் என்று சில காவற்படைப் பிரிகேடுகள் ஏற்கெனவே குறித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று ஜார்ஜியா மாநிலத்தின் 48-ஆவது பிரிகேடு.

அது நவம்பர் இறுதியில் அழைக்கப்பட்டது. பயிற்சி முடியவில்லை. கலிபோர்னியா பாலைவனத்தில் மேலும் பயிற்சி கொடுத்தார்கள். கடைசியில் 1991 பிப்ரவரி 28-ஆம் தேதி போருக்குத் தயார் என்று அறிவித்தார்கள். அன்றுதான் போர் நிறுத்தம். பிரிகேடு போகவே இல்லை.

பிறகு நடந்த ஆய்வுகளில் சாதாரணச் சிப்பாய்மீது பெரிய குறை சொல்லப்படவில்லை. கார்ப்பரல், சார்ஜண்ட், இளம் அதிகாரிகள் ஆகியோரில் பலர் தங்கள் பதவிக்குரிய தலைமைப் பயிற்சியை முடித்திருக்கவில்லை. டாங்கிக் குழுக்களுக்குச் சுடும் திறன் போதவில்லை. வண்டிகளைப் பழுது பார்க்கத் தெரியவில்லை. பலருக்குப் பல் சிகிச்சைகூடத் தேவைப்பட்டது. சமாதான காலத்தின் 39 நாளில் பெரும்பகுதி நிர்வாக வேலையில் போயிருந்தது. கூடவே, பிரிகேடு அளவில் பெரிய பெரிய ஒத்திகைகளை நடத்தி, பத்துப் பேர் குழு செய்ய வேண்டிய அடிப்படை வேலையை விட்டுவிட்டிருந்தார்கள்.

1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் காவற்படைச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சமாதான காலத்தில் தனி வீரர், சிறு குழு, பிளாட்டூன் அளவுப் பயிற்சிக்கே முதலிடம். பெரிய அளவு ஒத்திகை, அழைப்பு வந்த பிறகு. பதவி உயர்வுக்கு முன் உரிய தலைமைப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். நிரந்தரப் படையிலிருந்து அனுபவமுள்ளவர்கள் ஆலோசகர்களாகக் காவற்படைக்கு அனுப்பப்பட்டார்கள். அதே 48-ஆவது பிரிகேடு 2005-இல் ஈராக்குக்குப் போய்ப் பணியாற்றியது.

நம் நாட்டுக்கு டாங்கிப் பிரிகேடு கதை பொருந்தாது. ஆனால் பாடம் பொருந்தும். குறைந்த நாட்களே உள்ள படை, குறைந்த வேலைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றை நிரந்தரப் படையின் தரத்தில் செய்ய வேண்டும். தரத்தைக் குறைக்கக் கூடாது, பட்டியலைக் குறைக்க வேண்டும்.

முழுநேரத்தவரின் வேலை என்ன?

இங்கேதான் முகாமில் முழுநேரமாக இருப்பவர்களின் பங்கு வருகிறது. பகுதிநேரத்தவர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து இறங்கும்போது, துப்பாக்கிகள், வண்டி, குடிநீர், பாடத்திட்டம், சுடும் தளத்துக்கான அனுமதி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பாரங்களை முன்கூட்டியே கைத்தொலைபேசி வழி நிரப்பி வாங்கிவிடலாம். திங்கள் முதல் வெள்ளி வரை முழுநேரத்தவர் செய்யும் ஒவ்வொரு மணி நேர ஆயத்தமும், சனிக்கிழமை நூறு பேருக்கு ஒரு மணி நேரப் பயிற்சியாகிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. முழுநேரமாக முகாமில் இருப்பவர் பல ஆண்டு மேசை, களஞ்சியம், கேட் காவல் என்றே இருந்துவிட்டால் அவருடைய களத் திறமை மங்கிவிடும். பிறகு அவரே மற்றவர்களுக்குப் பயிற்றுநர் என்றால் பயிற்சி எப்படி இருக்கும்? ஆண்டில் சில வாரமாவது அவரை நிரந்தரப் படைப் பட்டாளத்துடன் அனுப்பிக் களத்தில் வேலை செய்ய வைக்க வேண்டும். பிரிட்டனில் சேமப் படைப் பிரிவுகளை நிரந்தரப் படைப் பிரிவுகளோடு இணைகளாகச் சேர்த்து, ஒன்றாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். அங்கே ஆண்டுக்கு 27 நாள் பயிற்சியும் தேர்வுகளும் முடித்தவருக்கு ஊக்கத்தொகை உண்டு. இணைந்து பயிற்சி செய்தால் இன்னொரு நன்மை: “வார இறுதிச் சிப்பாய்தானே” என்ற இளக்காரம் குறைகிறது.

மூன்றாவது, ஆள் ஏற்கெனவே என்ன தெரிந்து வந்திருக்கிறான் என்று கேட்க வேண்டும். என் தங்கை மகன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தோட்டத்துப் பையன் டிராக்டர் ஓட்டுகிறான், செயின்சா பிடித்து விழுந்த மரத்தை அறுக்கிறான். இன்னொருவன் வயர்மேன். ஒரு பெண் தனியார் மருத்துவமனையில் தாதி. இராணுவம் பணம் செலவழித்துக் கற்றுக்கொடுக்க வேண்டிய திறமைகளை இவர்கள் கையோடு கொண்டு வருகிறார்கள். இவர்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே பாடம் நடத்துவது வீண். வெள்ள நேரத்தில் அந்த டிராக்டர் ஓட்டியும் தாதியும் சேர்ந்த ஒரு சிறு குழு, தடபுடலான அணிவகுப்பைவிட மேல்.

வெயிலில் உயிர் போகக் கூடாது

பெற்றோர்களின் மனத்தில் இருக்கும் பெரிய பயம் இது. 2025 ஜூலையில் ஜொகூர் உலு திராமில் பயிற்சிக்குப் போன பலாப்பெஸ் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். குடும்பத்தின் கோரிக்கைக்குப் பிறகு உடல் தோண்டியெடுக்கப்பட்டு இரண்டாவது முறையாகப் பிரேதப் பரிசோதனை நடந்தது. அந்த மரணத்தின் காரணத்தைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்வது முறையல்ல. ஆனால் பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு வீட்டிலும் அது கேள்வியாக நிற்கிறது.

பகுதிநேரச் சிப்பாய்க்கு வெயில் தனி ஆபத்து. உடல் வெப்பத்துக்குப் பழக ஏறக்குறைய 10 முதல் 14 நாள் பிடிக்கும். நிரந்தரப் படைவீரர் தினமும் வெயிலில் இருப்பதால் பழகிவிடுகிறார். ஏர்கோன் அறையில் வேலை செய்கிறவர், இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கமில்லாமல் வருகிறவர், இரண்டு வார முகாமின் முதல் மூன்று நாளிலேயே பாரம் சுமந்து ஓடினால் உடல் தாங்காது. உடல் பழகி முடியும் நேரத்தில் முகாமும் முடிந்துவிடும். ஆகவே முதல் நாட்களில் சுமையும் தூரமும் குறைவாக இருக்க வேண்டும், பிறகு படிப்படியாகக் கூட்ட வேண்டும். முகாமுக்கு முந்திய வாரங்களில் வீட்டிலேயே வெயில் நேரத்தில் நடை, ஓட்டம் என்று பழகிக்கொண்டு வரும்படி பட்டியல் கொடுக்க வேண்டும்.

வெப்பத் தாக்கு வந்தால் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும், ஆள் தடுமாறிப் பேசுவான், நினைவு தப்பும். அப்போது மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே உடலைக் குளிர வைக்கத் தொடங்க வேண்டும். குளிர்ந்த நீரில் அமர்த்துவது மிகச் சிறந்த வழி. ஒவ்வொரு பயிற்சித் தளத்திலும் ஐஸ், தண்ணீர்த் தொட்டி, அதைச் செய்யத் தெரிந்த ஆள் ஆகிய மூன்றும் இல்லையென்றால் அன்று ஓட்டம் நடக்கக் கூடாது.

சிங்கப்பூரில் 2018-க்கும் 2019 தொடக்கத்துக்கும் இடையே பயிற்சி மரணங்கள் அடுத்தடுத்து நடந்தன. அவர்களில் சேமப் பயிற்சிக்குப் போனவரும் உண்டு. மக்கள் கேள்வி கேட்டார்கள். பயிற்சியின் வேகத்தைக் குறைத்தார்கள். பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமைத் தளபதியின் நேரடிப் பார்வையில் தனி அலுவலகம் ஒன்றை 2019-இல் அமைத்தார்கள். பயிற்சியை நடத்துகிறவரே பாதுகாப்பைச் சோதித்துத் தனக்குத்தானே மதிப்பெண் போடுவது போதாது என்ற புரிதல் அதில் இருக்கிறது. நமக்கும் அது தேவை. கடினமான பயிற்சிக்கும் பாதுகாப்பான பயிற்சிக்கும் பகை இல்லை. கடுமை என்ற பெயரில் நடக்கும் வதையும் பயிற்சி ஆகாது.

780 வெள்ளிப் பிரச்சினை

பயிற்சியை எவ்வளவு திருத்தினாலும், ஆள் வர முடியவில்லை என்றால் பயன் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். இரண்டு வார முகாமில் 12 வேலை நாள் போனால் ஏறக்குறைய 780 வெள்ளி. மணி நேர அலவன்ஸ் அதை ஈடுகட்டுமா என்பதை ஒவ்வொருவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மேல் ஓ.டி. இழப்பு வேறு.

விடுப்புக் கணக்கைப் பாருங்கள். வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள். ஐந்து ஆண்டு வரை 12 நாள். அதற்குப் பிறகு 16 நாள். அரசு ஊழியருக்குத் தொண்டர் படைப் பயிற்சிக்காகத் தனி விடுப்பு உண்டு, ஆண்டு விடுப்பில் கை வைக்க வேண்டியதில்லை. தனியார் துறையில் நடைமுறை முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தனியார் துறையில்தான் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டான பையன் முகாமுக்குப் போனால் எட்டு நாள் விடுப்பும் தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பும் எடுக்க வேண்டும். பிறகு தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் என்ன செய்வான்?

சிங்கப்பூரில் முழுநேரத் தேசிய சேவை முடித்தவர் பத்து ஆண்டுச் சுற்றில், ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் வரை அழைக்கப்படுகிறார். முதலாளி விட்டுத்தர வேண்டும் என்பது சட்டம். இழந்த சம்பளத்தை அரசு ஈடு செய்கிறது. அங்கே அது கட்டாயச் சேவை, இங்கே தொண்டர் சேவை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அங்கே சம்பளத்தை ஈடு செய்தால் ஆள் வருவான் என்ற எளிய உண்மையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நம் அரசு முழுச் சம்பளத்தையும் தர முடியாமல் போகலாம். முகாமுக்கு ஊழியரை அனுப்பும் சிறு முதலாளிக்கு வரிக் கழிவு, இரண்டு வார முகாமை இரண்டு தனித்தனி வாரமாகப் பிரித்து வரும் வசதி, ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு வார நாள் பயிற்சி என்று செலவு அதிகமில்லாத வழிகள் உண்டு.

“சும்மா இருக்கும் படைக்கு இவ்வளவு செலவா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சேமப் படையின் கணக்கே சிக்கனக் கணக்குதான். ஆண்டு முழுதும் சம்பளம் கொடுத்து வைத்திருக்க முடியாத ஆட்களை, தேவைப்படும்போது அழைக்க வைத்திருக்கிறோம். பாதிப் பயிற்சி கொடுத்த ஆளை வைத்திருப்பதுதான் உண்மையான வீண் செலவு.

நம்மவர்களுக்கு இதில் என்ன?

1943-இல் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். பால்மரம் வெட்டிய பெண்களும் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். சுதந்திர மலேசியாவில் 1967-இல் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் உள்நாட்டவர் கே. தனபாலசிங்கம். ஆகவே “நமக்கு இராணுவம் ஒத்துவராது” என்ற பேச்சுக்கு வரலாற்றில் இடமில்லை.

ஆனாலும் இன்று மலாய்க்காரர் அல்லாதார் படைகளில் குறைவாகவே இருக்கிறார்கள். அமைச்சர்களே இதைப் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் குறைவு, பதவி உயர்வு கிடைக்குமா என்ற சந்தேகம், தனியாகப் போய்விடுவோமோ என்ற தயக்கம், தகவலே வந்து சேராதது என்று காரணங்கள் பல. முழுநேரமாகச் சேரத் தயங்கும் பையனுக்கு வத்தானியா ஒரு நல்ல முதல் வாசல். வேலையை விட வேண்டியதில்லை, ஊரை விட வேண்டியதில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று சொந்தக் கண்ணால் பார்க்கலாம். பிடித்தால் மேலே போகலாம்.

அந்த வாசலில் நுழைந்தவன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. முகாமில் கற்ற முதலுதவி, கனரக வண்டி ஓட்டுதல், படகு இயக்குதல், தொடர்புக் கருவி ஆகியவற்றை மலேசியத் திறன் சான்றிதழாக மாற்றிக் கொடுத்தால், தங்கையைப் போன்ற தாய்மார்களின் கேள்விக்கு ஒரு காகிதத்தில் பதில் இருக்கும். ஓ.டி. காசு அந்த மாதத்தோடு போய்விடும். சான்றிதழ் அடுத்த வேலைக்கும் கூட வரும்.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதில் செய்ய வேண்டியது உண்டு. “இந்தியர் எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காராமல், ஒவ்வொரு மாநிலத்திலும் பதிவில் எத்தனை பேர், சென்ற ஆண்டு முழுப் பயிற்சியை முடித்தவர் எத்தனை பேர், பதவிக்குரிய தலைமைப் பாடம் முடித்தவர் எத்தனை பேர், பயிற்சியில் காயமடைந்தவர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் பயன்படும் கேள்விகள் இவை.

சேரும் முன் ஐந்து கேள்வி

தங்கை மகனுக்கு நான் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முகாமுக்கு நேரில் போய் ஐந்து கேள்வி கேட்கச் சொன்னேன்.

ஒன்று, முதல் ஆண்டில் எத்தனை நாள் பயிற்சி, அதில் என்னென்ன பாடம்? தேதி போட்ட அட்டவணை இருக்கிறதா?

இரண்டு, மணிக்கு எவ்வளவு அலவன்ஸ், எப்போது கைக்கு வரும்? ஆண்டு ஊக்கத்தொகைக்கு எத்தனை மணி நேர வருகை வேண்டும்?

மூன்று, என் முதலாளிக்குக் கொடுக்க முகாமிலிருந்து கடிதம் கிடைக்குமா? எத்தனை வாரத்துக்கு முன் கிடைக்கும்?

நான்கு, சேரும் முன் மருத்துவப் பரிசோதனை எப்படி? பயிற்சியில் அடிபட்டால் மருத்துவச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு?

ஐந்து, மூன்று ஆண்டு ஒழுங்காக வந்தால் கார்ப்பரல் ஆக வழி என்ன? வெளியில் செல்லும் சான்றிதழ் எது கிடைக்கும்?

இந்த ஐந்துக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் முகாம், பிள்ளையை ஒப்படைக்கத் தகுந்த முகாம். பதில் சொல்ல முடியாமல் “முதல்ல சேருங்க, பிறகு பார்க்கலாம்” என்று சொன்னால் யோசிக்க வேண்டும். ஆஸ்துமா, இருதயக் கோளாறு, குடும்பத்தில் திடீர் மரணம் போன்றவை இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசையில் மறைப்பது உயிருக்கு விலை.

பையன் கேள்விகளைக் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டான். வருகிற சனிக்கிழமை போகப் போகிறானாம். தங்கை அதுவரை பேசாமல் இருந்தாள். பிறகு, “நாலாவது கேள்விய நான்தான் கேப்பேன், நானும் கூட வர்றேன்” என்றாள்.